31ஆம் நம்பர் சட்டை

விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் என்னை எப்போதும் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் நிறுத்தி வைப்பார். பந்து வெளியே போனால் ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். அந்த உத்தியோகத்தில் ஐந்து வருஷம் இருந்தேன். பிரமோஷன் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட நான் ஒரு பந்தாட்டக்காரரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்கு என் அக்கா பிள்ளைதான் பொறுப்பு. அவனுக்கு ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் வேலை. "போய் ஒரு மாசம் இருந்துட்டு வாடா. புள்ளை ஒழுங்காச் சாப்பிடறானான்னு பாத்துட்டு வா" என்று அக்கா என்னை விமானம் ஏற்றினாள். நம் ஊரில் ஆடிக் காற்று அடிக்கிற ஜூலை மாதம் அங்கே நடுக் குளிர்காலம். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு, பையன் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறான் என்று நான்கே நாளில் தெரிந்துகொண்டேன். மீதி நாளை என்ன செய்வது?

சனிக்கிழமை மத்தியானம் அவன், "மாமா, வாங்க, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்றான். நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு கிளம்பினேன். அவன் கூட்டிக்கொண்டு போன இடம் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம்.

"இந்த ஊர்க்காரங்களுக்கு இதுதான் மாமா கோயில்" என்று சிரித்தான். பொய் இல்லை. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ரயிலிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் அவரவர் கட்சி நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு. நம் ஊரில் தேர் பார்க்கப் போகிறவர்களின் முகத்தில் இருக்குமே, அதே களை.

அங்கே ஆடுகிற ஆட்டம் நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. 1858இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்டுக்காரர், குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்களின் உடம்பு துருப்பிடித்துவிடாமல் இருக்க ஒரு பந்தாட்டச் சங்கம் வேண்டும் என்று பத்திரிகைக்கு எழுதினாராம். அங்கிருந்து வளர்ந்தது இந்த ஆட்டம். மைதானம் முட்டை வடிவம். பந்தும் முட்டை வடிவம். பக்கத்துக்கு 18 பேர். ஒரு கோடியில் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. ஓரத்துக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி. 'அவ்வளவு தூரம் முயற்சி பண்ணினாயே, இந்தா' என்று ஆறுதலாகக் கொடுக்கிற மாதிரி இருந்தது எனக்கு. பந்தைக் கையால் எறியக் கூடாது; முஷ்டியால் குத்தித்தான் கொடுக்க வேண்டும். பறந்து வருகிற பந்தைப் பிடிப்பதற்காக எதிரியின் முதுகில் முழங்காலை ஊன்றி ஆகாயத்தில் ஏறுகிறார்கள். நடுவர் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது.

மைதானத்துக்கு வெளியே வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் அருகில் மருமான் நின்றான்.

"யாருடா இது?"

"ரான் பராசி மாமா. இந்த ஊர்ல சின்னக் குழந்தைக்குக்கூட இவரைத் தெரியும். ஆறு தடவை சாம்பியன் டீம்ல ஆடினவர். அப்புறம் பயிற்சியாளரா இருந்து நாலு தடவை ஜெயிச்சுக் கொடுத்தார். 2023 செப்டம்பர்லதான் காலமானார்."

"அப்படியா" என்று நகரப் பார்த்தேன்.

"இவர் அப்பாவும் இதே டீம்தான் மாமா. சண்டையில செத்துப்போயிட்டார். அப்போ இவருக்கு அஞ்சு வயசு. பெரியவனானப்புறம் அப்பா போட்டிருந்த 31ஆம் நம்பர் சட்டையையே வாங்கிப் போட்டுண்டார். வேற டீமுக்குப் போனப்பவும் அதே 31தான்."

நகரவில்லை. என் அப்பா போனபோது எனக்கு ஆறு வயது.

*

அன்று ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மறுநாளிலிருந்து நான் படித்ததெல்லாம் அந்தத் தகப்பனைப் பற்றித்தான். மகனைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். தகப்பனுக்குக் கிடைப்பதெல்லாம் அந்தப் புத்தகங்களின் முதல் அத்தியாயம்; அதுவும் சில பக்கங்கள்.

இருவருக்கும் ஒரே பெயர். அதனால் புத்தகங்களில் தகப்பனை 'பெரிய ரான் பராசி' என்று போடுகிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அவரை ஒருவரும் பெரியவர் என்று அழைத்திருக்க மாட்டார்கள். செத்தபோது வயது 27. மகன் புகழ் பெற்றதால், இறந்த பிறகு பெரியவரானவர் அவர்.

1913 அக்டோபர் 27ஆம் தேதி விக்டோரியா மாகாணத்தில் கில்ஃபோர்டு என்ற சிற்றூரில் பிறந்தார். ஒரு காலத்தில் தங்கம் கிடைக்கிறது என்று உலகமே ஓடிவந்த வட்டாரம் அது. அப்படி வந்தவர்களில் சுவிட்சர்லாந்து மலைகளின் இத்தாலிய மொழிக்காரர்களும் உண்டு. பராசி குடும்பம் அந்த வழி. தங்கம் தீர்ந்தது. வந்தவர்களில் பலர் அங்கேயே நிலத்தைத் திருத்திக்கொண்டு பண்ணைக்காரர்களாகத் தங்கிவிட்டார்கள்.

1936இல் அவர் மெல்போர்ன் அணியில் சேர்ந்தார். அதே வருஷம் பிப்ரவரியில்தான் மகன் பிறந்திருந்தான். அணியில் அவருடைய வேலைக்கு 'ரோவர்' என்று பெயர். நெட்டையான ஆட்கள் மேலே எகிறிப் பந்தைத் தட்டிவிடுவார்கள். அவர்கள் காலடியில் ஒரு குட்டையான, சுறுசுறுப்பான மனிதன் காத்திருந்து, விழுகிற பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓட வேண்டும். படம் எடுப்பவர்கள் எகிறுகிறவனைத்தான் எடுப்பார்கள். ரோவர் படத்தின் கீழ் ஓரத்தில், பாதி முகம் தெரிய, அடுத்து எங்கே விழும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். பராசி விடாப்பிடியான ரோவர் என்கிறார்கள்.

இன்று போல் கோடிக் கணக்கில் பணம் புரண்ட ஆட்டம் இல்லை அது. ஓர் ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று லீக் 1930இலேயே சட்டம் போட்டிருந்தது. வாரம் பூராவும் வேறெங்காவது உழைத்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் வந்து ஆடுவார்கள். கை கால் வீங்கி வீட்டுக்குப் போவார்கள். திங்கட்கிழமை மறுபடி வேலைக்கு. ஐந்து வருஷத்தில் பராசி ஆடியது 58 ஆட்டம்.

1940 செப்டம்பர் 28ஆம் தேதி. இறுதி ஆட்டம். மெல்போர்னுக்கும் ரிச்மண்டுக்கும். அதற்குள் பராசி பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். அன்று அவர் அணியின் 19ஆவது ஆள். இதற்கு ஒரு விளக்கம் வேண்டும். அந்தக் காலத்தில் 18 பேருக்கு மேல் ஒரே ஓர் ஆள்தான் கரையில் உட்கார்ந்திருப்பான். யாருக்காவது அடிபட்டால் அவன் இறங்குவான்; அடிபட்டவன் திரும்ப வரக் கூடாது. மெல்போர்ன் 39 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. பராசி ஆட்டக்காரராக அந்த மைதானத்துக்குள் வந்தது அதுதான் கடைசி.

அந்த அணியின் பட்டியலை ஒரு மாலை நேரம் பென்சிலை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பெயருக்குப் பக்கத்தில் கோடு போட வேண்டியிருந்தது.

1941இல் பராசி. 1942 பிப்ரவரி 9ஆம் தேதி, சிங்கப்பூர் சரணடைவதற்கு ஆறு நாள் முன்பு, ஹெரால்டு பால். காயம்பட்டவர்களைத் தூக்கி வரும் ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்த பையன். வயது 21. 1943 மார்ச்சில் கீத் ட்ரஸ்காட். செம்பட்டைத் தலை, எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. விமானப்படையில் சேர்ந்தபோது அவருக்கு விமானத்தைத் தரையில் இறக்கவே வரவில்லையாம். தரை இன்னும் கீழே இருக்கும்போதே வந்துவிட்டதாக நினைத்துவிடுவார். அவரை வெளியே அனுப்பிவிடலாம் என்றிருந்தவர்கள், மனசு கேட்காமல் கூடுதலாகக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மனிதர் இங்கிலாந்து போய் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பறந்து, பெரிய விருதை இரண்டு முறை வாங்கி, 1942இல் நியூகினியில் மில்னே விரிகுடாவில் ஜப்பானியரை எதிர்த்துத் தம் படைப்பிரிவை நடத்தினார். கடைசியில் எதிரியிடம் சாகவில்லை. மேற்கு ஆஸ்திரேலியக் கடல்மேல் ஒத்திகையின்போது, கண்ணாடி மாதிரி அசைவற்றிருந்த தண்ணீரின் உயரம் பிடிபடாமல் கடலில் மோதி இறந்தார். தரையின் தூரத்தைக் கணக்கிட முடியாத அந்தப் பழைய தவறு அவரைக் கடல்மேல் வந்து பிடித்துக்கொண்டதோ என்று எனக்குத் தோன்றியது. 1944இல் சிட் ஆண்டர்சன், அவரும் விமானி, அவர் போனது நியூகினியில்.

1941, 1942, 1943, 1944. ஒரே கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் வருஷத்துக்கு ஒருவர். இன்றும் அந்தச் சங்கம் ஒவ்வொரு வருஷமும் தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் பரிசுகளுக்கு இந்த நான்கு பெயரும் உண்டு.

*

பராசி போய்ச் சேர்ந்த இடம் டோப்ருக். லிபியாவில், மத்தியதரைக் கடல் ஓரத்தில் ஒரு துறைமுகம். இத்தாலியர்கள் கான்கிரீட்டில் பள்ளம் பள்ளமாகக் கட்டி வைத்த கோட்டை. அதை 1941 ஜனவரியில் ஆஸ்திரேலியர்கள் பிடித்தார்கள். ஏப்ரலில் ரோம்மலின் ஜெர்மானியப் படை வந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது. இத்தாலியப் பெயர் கொண்ட ஓர் ஆஸ்திரேலியப் பண்ணைவீட்டுப் பிள்ளை, இத்தாலியர் கட்டிய பள்ளத்துக்குள் ஜெர்மானியக் குண்டுக்கு ஒதுங்கியிருந்தார். சண்டைக்கு ஊர், பெயர், வம்சம் எதுவும் கணக்கில்லை.

முற்றுகை எட்டு மாத காலம் நடந்தது. பகலெல்லாம் புழுதி, ஈ, தெள்ளுப்பூச்சி. குடிக்க உப்புக் கரிக்கும் தண்ணீர், அதுவும் அளந்து. துறைமுகத்தின் மேல் ஓயாமல் குண்டுவீச்சு. சாப்பாடும் மருந்தும் ராத்திரியில் இருட்டோடு இருட்டாகக் கப்பலில் வர வேண்டும். நம் இந்தியக் குதிரைப்படைப் பிரிவு ஒன்றும் குதிரை இல்லாமல் காலாளாக அந்த எல்லைக்கோட்டைக் காத்தது. 'பொந்துக்குள் அகப்பட்ட எலிகள்' என்று பெர்லின் ரேடியோ பரிகாசம் செய்தது. அதைக் கேட்டவர்களுக்குக் கோபம் வரவில்லை. விழுந்துகிடந்த ஜெர்மானிய விமானத்தின் தகட்டை வெட்டி எலி உருவத்தில் தாங்களே பதக்கம் செய்து குத்திக்கொண்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் சாகும்வரை தங்களை டோப்ருக் எலிகள் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

பராசி அங்கே கார்ப்பொரல். சாமான்களும் சாப்பாடும் கொண்டு சேர்க்கிற பிரிவு. யோசித்துப் பாருங்கள், பட்டாளத்திலும் ரோவர் வேலைதான். 1941 ஜூலை 31ஆம் தேதி இறந்தார். ஆகஸ்டில் ஆஸ்திரேலியர்களை அங்கிருந்து கப்பலேற்றி வெளியே கொண்டுவர ஆரம்பித்தார்கள். அந்த லீகில் ஆடி, இரண்டாம் உலக யுத்தத்தில் உயிர்விட்டவர்களில் அவரும் ஒருவர். டோப்ருக் யுத்தக் கல்லறையில் அடக்கம்.

இந்த இடத்தில் என் தொழில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவன் நான். செத்துப்போன சிப்பாயின் பையில் பாதி எழுதிய கடிதம் ஒன்றை வைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. கடைசி ராத்திரி அவர் தோழனிடம் பையனைப் பற்றிப் பேசுவதாக ஒரு காட்சி தானாக வந்து நின்றது. 'அவன் ரொம்பச் சமர்த்து. என்னைவிட நன்றாக உதைப்பான்' என்று வசனம்கூட வந்துவிட்டது. எழுதினால் வாசகர்கள் நிச்சயம் அழுவார்கள். நானே அழுதிருப்பேன். அப்புறம் காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். என் அப்பாவைப் பற்றியும் இப்படி எத்தனையோ காட்சிகளை எழுதி எழுதி, எது நடந்தது, எது நான் எழுதியது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. ஒரு சைக்கிளின் முன் கம்பியில் உட்கார்ந்து போனது மட்டும் நிஜம் என்று நினைக்கிறேன். அது துண்டு விரித்த கம்பி. துண்டு கூடக் கதையில் நான் சேர்த்ததோ என்னவோ. இன்னொருவன் தகப்பனையும் அப்படிக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

*

தகப்பன் போன பிறகு பையன் சில வருஷம் கில்ஃபோர்டில் தாத்தாவின் பண்ணையில் வளர்ந்தான். தாய் எல்சா தனியாகப் பாடுபட்டு அவனை ஆளாக்கினாள். 1950களின் தொடக்கத்தில் அவள் மறுமணம் செய்துகொண்டு டாஸ்மேனியா தீவுக்குப் போகத் தீர்மானித்தபோது பையனுக்கு 16 வயது வாக்கில். அவனுக்கு மெல்போர்னை விட்டுப் போக இஷ்டமில்லை. அப்பா ஆடிய அணியில் ஆட வேண்டும் என்ற ஒரே பிடிவாதம்.

அப்போது குறுக்கே வந்தவர் நார்ம் ஸ்மித். பெரிய பராசியோடு அதே அணியில் ஆடியவர். 1940 இறுதி ஆட்டத்திலும் இருந்தவர். 1952இல் அதே மெல்போர்ன் அணிக்குப் பயிற்சியாளராக வந்திருந்தார். "பையன் என் வீட்டில் இருக்கட்டும்" என்று கோபர்க் பேட்டையில் தம் வீட்டுக் கொல்லையில் இருந்த சிறு அறையைக் கொடுத்தார். செத்துப்போன சிநேகிதன் பிள்ளைக்கு அவரும் அவர் மனைவியும் சோறு போட்டார்கள்.

சோறு போட்டால் மட்டும் போதாது. அந்த லீகில் எந்தப் பேட்டையில் குடியிருக்கிறாயோ அந்தப் பேட்டை அணிக்குத்தான் ஆட வேண்டும் என்று சட்டம். நல்லவேளையாகத் தகப்பன் ஆடிய அணியில் மகன் ஆடலாம் என்று அந்தச் சமயத்தில்தான் ஒரு விதிவிலக்கு வந்திருந்தது. அதன் வழியாக 1953இல் பையன் மெல்போர்ன் அணிக்குள் நுழைந்தான். 31ஆம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டான். அவனுக்கு முன்னாலும் அந்த விதியால் ஆள் வந்தது உண்டு. ஆனால் விதி என்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது பராசிதான். அந்த விதி இன்றும் இருக்கிறது. இன்று தகப்பன் 100 ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். 58 ஆட்டம் ஆடிவிட்டுச் செத்துப்போன தகப்பனின் பிள்ளைக்கு இன்றைக்கு அந்தக் கதவு திறக்காது.

மகன் அப்பாவைவிடக் கொஞ்சம் கனம். ரோவருக்குக் கனம் அதிகம். எகிறுகிறவனுக்கு உயரம் போதாது. ஸ்மித் இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஓர் இடத்தையே அவனுக்காக ஏற்படுத்தினார். வீட்டில் வளர்க்கிற பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மற்றவர்களைவிட அவனைத்தான் அதிகம் கடிந்துகொள்வாராம். 1955, 1956, 1957, 1959, 1960, 1964 என்று ஆறு கோப்பை. கடைசி இரண்டுக்கும் பராசியே கேப்டன்.

31ஆம் நம்பர் என்பது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நம் ஊரில் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்கிறோமே, அதுதான் அது. இனிஷியல். அவர்கள் முதுகில் போட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் நார்ம் ஸ்மித்துக்கு என்ன நம்பர்? சோறு போட்டவனின் எழுத்தை எங்கே போடுவது?

*

எனக்கும் ஒரு நார்ம் ஸ்மித் இருந்தார்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் சின்ன அச்சகம் வைத்திருந்தவர். அப்பாவின் சிநேகிதர். ரத்த சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மாவிடம், "அண்ணி, பையன் பள்ளிக்கூடம் விட்டா அச்சாபீசுக்கு வரட்டும். தெருவில திரிய வேண்டாம்" என்று சொன்னார். அன்றிலிருந்து தினம் போனேன். ஈய எழுத்துகள் அறை அறையாக இருக்கும் மரப்பெட்டிக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு ஏற்றிவிட்டார். கலியாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பாத்திரக்கடை பில் புத்தகம். தலைகீழாக இருக்கும் எழுத்தைத் தடவிப் பார்த்தே இன்னதென்று சொல்லப் பழகினேன். நான் தமிழ் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்த முக்காலியின்மேல்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் காலேஜுக்குப் பணம் கட்டினார். இரண்டு வருஷம் போனேன். அதற்கு மேல் எனக்குப் படிப்பில் மனசு நிற்கவில்லை. கதை எழுத ஆரம்பித்திருந்தேன். திரும்பி வந்து அச்சகத்தில் உட்காருவேன் என்று அவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அவருக்குப் பிள்ளை கிடையாது. நகரத்தில் ஒரு பத்திரிகை ஆபீசில் புரூஃப் திருத்துகிற வேலை கிடைத்தது. ஒரு நாள் காலையில் போய்ச் சொன்னேன். டிரெடில் மிஷினை நிறுத்தாமலே, "எப்போ கிளம்பறே?" என்று கேட்டார். "இன்னிக்கு ராத்திரி" என்றேன். கால் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தது. "சரி" என்றார்.

அந்தச் சரியைப் பல வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

1964இல் ஆறாவது கோப்பையை வாங்கிய கையோடு பராசி மெல்போர்னை விட்டுப் போனார். கார்ல்டன் அணி அவரை ஆடிக்கொண்டே பயிற்சி கொடுக்கும்படி அழைத்தது. அவருக்கு வயது 28. ஊரே நம்ப மறுத்தது. தகப்பன் சட்டையைக் கொண்டுபோய் எதிரி வீட்டில் மாட்டிவிட்டான் என்று சிலர் துக்கம் கொண்டாடினார்கள். ஸ்மித்துக்கும் அவருக்கும் நடுவில் என்ன பேச்சு நடந்தது என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. பயிற்சியாளராக வேண்டும் என்ற ஆசையை அந்தப் பையனுக்கு மூட்டியவரே ஸ்மித்தாகத்தான் இருக்க வேண்டும். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வேறென்ன பேசியிருப்பார்கள்? கற்றுக்கொடுத்தவனை விட்டுப் போகிறவன்தான் கற்றுக்கொண்டவன் என்று சொல்லிச் சமாதானம் அடையலாம். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டதுண்டு.

அடுத்த வருஷம் 1965 ஜூலையில் மெல்போர்ன் சங்கம் ஸ்மித்தை வேலையை விட்டு நீக்கியது. ஆள் மூலம் வீட்டுக்கு அனுப்பிய கடிதம்தான் செய்தி. சில நாளில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆனால் ஓடிய பாத்திரம் ஓடியதுதான். அந்த அணிக்கு அடுத்த கோப்பை 2021இல்தான் கிடைத்தது. 57 வருஷம் கழித்து.

பராசி கார்ல்டனுக்கு 1968இலும் 1970இலும் கோப்பை வாங்கிக்கொடுத்தார். 1970 இறுதி ஆட்டத்தில் பாதி நேரத்தில் கார்ல்டன் 44 புள்ளி பின்தங்கியிருந்தது. 1,21,696 பேர் பார்த்துக்கொண்டிருக்க, மறுபாதியில் எழுந்து வந்து காலிங்வுட்டை ஜெயித்தது. பிறகு வடக்கு மெல்போர்ன் அணிக்கு 1975இலும் 1977இலும். ஸ்மித் 1973 ஜூலையில், 57 வயதில் காலமானார். இறுதி ஆட்டத்தில் மிகச் சிறப்பாக ஆடியவருக்கு 1979 முதல் கொடுக்கிற பதக்கத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இனிஷியல் கிடைக்காதவருக்கு அந்த ஊர் அப்படியாவது ஒன்று செய்தது.

சித்தப்பாவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. இதுவரை என் புத்தகங்கள் பதினொன்று வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து இருக்கிறது. ஆறு வயதுவரை மட்டும் என்னோடு இருந்த, ஒரு சைக்கிள் கம்பியாக மட்டும் நினைவில் தங்கிய மனிதரின் எழுத்து. பன்னிரண்டு வருஷம் முக்காலியில் ஏற்றி உட்காரவைத்தவரின் பெயர் ஒரு சமர்ப்பணத்தில்கூட இல்லை. அடுத்த புத்தகம், அடுத்த புத்தகம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஆறாவது புத்தகம் அச்சில் இருந்தபோது அவர் போய்விட்டார். செத்தவருக்குச் சமர்ப்பணம் செய்தால் ஊர் என்ன நினைக்கும் என்று ஒரு வெட்கம். அதனால் அப்புறமும் செய்யவில்லை.

ஊர் திரும்பியதும் அக்காவிடம், "பையன் நன்னாச் சாப்பிடறான்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் சித்தியைப் பார்க்கப் போனேன். அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். சித்தி பின்கட்டில் இருக்கிறாள். காப்பி கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பழைய தகர டப்பாவை எடுத்து வந்தாள். "உனக்குத்தான் வச்சிருந்தார். நீ வரும்போதெல்லாம் அவசரமா வந்துட்டு அவசரமாப் போயிடறே" என்றாள்.

என் முதல் கதை வெளிவந்த பத்திரிகைப் பக்கம். மடித்து மடித்துக் கோடு விழுந்திருந்தது. கதைக்கு மேலே என் பெயர். இனிஷியல் போட மறந்திருந்தார்கள். அந்த வெற்றிடத்தில் சித்தப்பா சிவப்பு மசியால், புரூஃப் திருத்துகிறவர்கள் போடும் குறியைப் போட்டு, ஓரத்தில் அப்பாவின் எழுத்தை எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்திருந்தார்.